கிரானைட் கம்பெனியில் வேலைக்குச் சேரப் போகிறீர்களா? முதலில் எங்கே நிற்பது என்று கற்றுக்கொள்ளுங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர், ஜெகதேவி பக்கம் போனால் கிரானைட் கம்பெனிகள் ஒன்று மாற்றி ஒன்று வரும். ஊத்தங்கரை, மத்தூர், அரூர், பென்னாகரம் என்று சுற்றுவட்டாரத்துப் பையன்கள் பலருக்கு முதல் சம்பளம் இங்கேதான். வேலை கிடைப்பதில் பெரிய கஷ்டமில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதும், "நாளைக்குக் காலையில வந்துடு தம்பி" என்பார்கள். போனதும் ஒரு ஜோடி கிளவுஸ், ஒரு ஹெல்மெட். "அந்த அண்ணன்கூட நில்லு, பார்த்துக் கத்துக்க." பல இடங்களில் பயிற்சி அவ்வளவுதான்.

பார்த்துக் கற்பதில் தப்பில்லை, கல் வேலை அப்படித்தான் கைக்கு வரும். ஆனால் எங்கே நின்று பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. நான் பார்த்தவரை, புதிதாக வந்தவர் அடிபடுவது மெஷின் ஓட்டத் தெரியாமல் அல்ல. புது ஆள் கையில் யார் மெஷினைக் கொடுக்கப் போகிறார்கள்? நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதால்தான் அடிபடுகிறார். அதனால் மெஷின் ஓட்டும் வித்தை இதில் அதிகம் இருக்காது.

இன்னொன்று. இது கல்லை அறுத்து பாலிஷ் போடும் ஃபேக்டரிக்கான வழிகாட்டி. குவாரிக்குப் போகிறவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அங்கே வெடி, உயரம், பாறைச் சரிவு என்று வேறு ஆபத்துகள் உண்டு. சுரங்கத்துக்கான தனி விதிகளும் தொழிற்பயிற்சியும் உண்டு.

சேரும் முன்பே முடிக்க வேண்டியவை

18 வயது நிரம்பாதவரை இந்த வேலையில் வைக்கக் கூடாது. கல்லிலுள்ள சிலிக்கா என்ற கனிமம் தூசியாகப் பறக்கும் கல் வேலை, வளரிளம் பருவத்தினருக்குத் தடை செய்யப்பட்ட ஆபத்தான தொழில்களில் ஒன்று. "லீவுல தம்பியும் வரட்டுமே" என்று அழைத்துப் போகாதீர்கள்.

நியமனக் கடிதம் கேளுங்கள். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020 சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் எண் அதைவிட முக்கியம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவீர்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் போனாலும் இது பொருந்தும். சம்பளத்தில் பிடித்தம் மட்டும் நடந்து, எண் வரவில்லை என்றால் உஷாராகுங்கள். காயம்பட்ட பிறகு அவசரமாகப் பெயர் சேர்க்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அதனால் முதல் சம்பளச் சீட்டிலேயே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, ஒரு நெஞ்சு எக்ஸ்-ரே. கம்பெனி எடுக்கச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சேரும்போதே எடுத்து, தேதியோடு பத்திரமாக வையுங்கள். ஏன் என்பது தூசி பற்றிச் சொல்லும்போது புரியும்.

முதல் நாள்: எடைக் கணக்கு

ஹெல்மெட் போட்டதும் வேலையில் இறங்கிவிடாமல், கல் வைத்திருக்கும் யார்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் எடை போட்டுப் பழகுங்கள். கணக்கு எளிது: கிரானைட் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன்.

3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரு பிளாக், அதாவது அறுக்காத முழுக் கல், 18 டன் வரும். அதைப் பலகையாக அறுத்த ஸ்லாப் மெலிதாக, சும்மா சாய்த்து வைத்ததுபோல் தெரியும். ஆனால் 3 மீட்டருக்கு 2 மீட்டர், 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே ஒரு ஸ்லாப் 320 கிலோவுக்கு மேல். ஒன்றரை புல்லட் வண்டி நிமிர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து சாய்ந்திருந்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால், மேஸ்திரி "அங்க நிக்காத" என்று கத்துவதற்கு முன்பே கால் தானாக நகரும்.

யார்டில் இன்னும் மூன்றை அன்றே தெரிந்துகொள்ளுங்கள்: மெயின் சுவிட்ச் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே (திறந்து பாருங்கள், சில இடங்களில் உள்ளே காலி டப்பாதான் இருக்கும்), கிரேன் போகும் பாதை எது.

ஸ்லாப் பக்கம் நிற்பது எப்படி

இந்தத் தொழிலின் பெரிய எமன் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏ வடிவ ஸ்டாண்டில் ஸ்லாப்புகள் இருபுறமும் சாய்ந்து நிற்கும். அறுத்து வந்த ஈரத்தில் இரண்டு ஸ்லாப்புகளுக்கு நடுவே கல் மாவுத் தண்ணீர் இருக்கும், அது பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் ஸ்லாப்பை கிளாம்ப் மாட்டி கிரேன் இழுக்கும்போது பின்னால் இருப்பதும் கூடவே கிளம்பும். முதலில் மேல் ஓரத்தில் ஒரு கோடு மாதிரி இடைவெளி தெரியும், 'சர்ர்' என்று தண்ணீர் வடியும். அடுத்த நொடி ஒட்டு விடும். அப்போது பின் ஸ்லாப் ஸ்டாண்டுக்கே திரும்பிச் சாயலாம், முன்னாலும் விழலாம். எந்தப் பக்கம் என்று அனுபவசாலியாலும் சொல்ல முடியாது. அதனால்தான் இழுக்கும் முன் மேலே மரத்துண்டு செருகி ஒட்டைப் பிரிக்க வேண்டும், பின் ஸ்லாப் தனியாக ஸ்டாண்டில் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் ஸ்லாப்பின் ஓரப்பக்கம், அதாவது குறுகிய விளிம்பு தெரியும் பக்கம். பளபளப்பான முகம் உங்களைப் பார்த்தபடி இருந்தால் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள். 2 மீட்டர் உயரக் கல் விழுந்தால் முன்னால் 2 மீட்டர் தூரமும் அதன் இடம்தான். உடைந்த துண்டு அதைத் தாண்டியும் வரும். இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவே புகுந்து குறுக்கு வழி பிடிப்பதும் கூடாது. டீக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான்.

ஸ்டாண்டின் ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்துகொண்டே போனால் மறுபக்க எடையில் ஸ்டாண்டே கவிழும். இருபுறமும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். லாரியில் வந்த கல்லுக்கு இன்னும் கவனம் தேவை. வழியில் பிரேக் அடித்ததில், மேடு பள்ளத்தில் ஸ்லாப் நகர்ந்து, கட்டிய கயிற்றின் பிடியில் மட்டும் நிற்கலாம். கயிற்றை அவிழ்த்ததும் சாயும். லாரி சமதளத்தில் நிற்கிறதா, கிரேன் ஸ்லாப்பைப் பிடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றில் கை வைக்க வேண்டும். அவிழ்ப்பவர் லாரிமேல் ஸ்லாப்பின் முகத்துக்கு நேரே நிற்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: சாயும் கல்லைத் தாங்கப் போகாதீர்கள். கை தன்னிச்சையாக நீளும், அதுதான் ஆபத்து. பழைய மேஸ்திரிகள் புதுப் பையனை முதல் வாரத்திலேயே உட்காரவைத்துச் சொல்வார்கள்: "கல்லு சாஞ்சா நீ புடிக்காத, ஓடு. ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவுது. முதலாளி என்னைத் திட்டட்டும்." இப்படிச் சொல்லும் மேஸ்திரி கிடைத்தால் சம்பளம் ஐந்நூறு குறைந்தாலும் அந்தக் கம்பெனியை விடாதீர்கள்.

கிரேன்

தொங்கும் சுமைக்குக் கீழே போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போவதற்குக் காரணம், ஆடும் கல்லைக் கையால் நிறுத்தப் பார்ப்பதுதான். அதற்குக் கயிறு கட்டி, தூரத்தில் நின்று திருப்ப வேண்டும். கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. முழங்கால் உயரத்தில் போனால் போதும்.

காலையில் வேலை தொடங்கும் முன் வயர் ரோப்பை ஒரு முறை பாருங்கள். கம்பி இழைகள் முள்முள்ளாகப் பிரிந்திருந்தால் அது வேலைக்கு ஆகாது. துணி பெல்ட்டில் வெட்டு இருந்தாலும் அப்படியே. கல்லின் கூர் விளிம்பில் பெல்ட் நேரடியாக உட்காராமல் ரப்பரோ கோணியோ வைக்க வேண்டும். கொக்கியின் வாயை மூடும் தாழ் வேலை செய்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

பெல்ட் விரியும் கோணத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பக்கமும் மாட்டிய பெல்ட்டுகளுக்கு நடுவே 120 டிகிரி விரிந்தால், ஒவ்வொரு பெல்ட்டும் பாதி எடையை அல்ல, முழு எடையையும் தாங்க வேண்டி வரும். நீளம் குறைந்த பெல்ட்டை இழுத்துப் பிடித்து மாட்டினால் இந்த நிலைதான்.

சிக்னல் கொடுப்பது ஒருவர் மட்டும். ஆனால் 'நிறுத்து' என்று யாரும் சொல்லலாம், இன்று சேர்ந்த நீங்களும் சொல்லலாம். தூக்கும் கருவிகளைத் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது சோதித்துச் சான்று தர வேண்டும் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்த விதி. கிரேன் அருகே அந்தத் தேதியை எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மெஷின்கள், கரண்ட்

பிளாக்கை ஸ்லாப்புகளாக அறுக்கும் கேங் சா மெஷினில் இரும்புக் குருணை, சுண்ணாம்பு, தண்ணீர் கலந்த கலவைதான் கல்லை அறுக்கும். அது கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வைர வயர் ஓடும் மெஷின் இருந்தால், வயர் ஓடும் நேர்கோட்டில் நிற்காதீர்கள். அறுந்தால் அதிலுள்ள மணிகள் தோட்டா வேகத்தில் வரும்.

கை கிரைண்டர்தான் சின்னதாக இருந்துகொண்டு அதிகம் கடிப்பது. நாலு இஞ்ச் மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். அதில் கார்டை, அதாவது பிளேடை மறைக்கும் பாதுகாப்பு மூடியை, கழற்றிவிட்டு ஏழு இஞ்ச் பிளேடு மாட்டுவார்கள். அந்த பிளேடு சுமார் 8,500 சுற்றுக்கு மேல் தாங்காது. பிளேடில் அச்சிட்ட எண் மெஷினின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் மாட்டாதீர்கள், யார் சொன்னாலும். புது பிளேடு மாட்டியதும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, அதன் நேர்கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள்.

சுற்றும் மெஷின் பக்கம் போகும்போது கழுத்துத் துண்டு, கையில் கட்டிய கோயில் கயிறு, காப்பு, லுங்கி எதுவும் வேண்டாம். கயிற்றைக் கழற்ற மனமில்லை என்றால் முழங்கைக்கு மேலே சட்டைக்குள் கட்டிக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ஸ்லாப் தூக்க கிளவுஸ் அவசியம். அதே கிளவுஸ் டிரில்லிங் மெஷினில் கையை உள்ளே இழுத்துவிடும்.

தரை எப்போதும் ஈரம் என்பதால் கரண்ட் இங்கே இரண்டு மடங்கு ஆபத்து. கேபிள் தண்ணீரில் கிடக்கக் கூடாது, மேலே தொங்க வேண்டும். பிளக் இல்லாமல் வயரை ஓட்டையில் குச்சியால் செருகும் பழக்கம் இருந்தால் அந்த மெஷினைத் தொடாதீர்கள். கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை யாராவது அழுத்துகிறார்களா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பழுது பார்க்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பூட்டுப் போட்டு, சாவி பழுது பார்ப்பவர் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

தூசி

கல் விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். தூசி உள்ளே போவது யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலேயே நின்றுவிடும், சளியோடு வந்துவிடும். நுரையீரலின் அடி வரை போவது கண்ணுக்கே தெரியாத பொடி. அதிலுள்ள சிலிக்கா அங்கே வடுவாகி, நுரையீரல் விரியாமல் இறுகும். இதுதான் சிலிக்கோசிஸ். பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் கழித்து வெளியே தெரியும், தூசி மிக அதிகமென்றால் அதற்கு முன்பே வரும். குணமாக்கும் மருந்து இல்லை. வேலையை விட்டாலும் சிலருக்கு அது வளர்ந்துகொண்டே போகும்.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. கலர் கிரானைட்டில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, கணிசம். கருப்புக் கல்லில் குறைவு, அதற்காக அது பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. இப்போது சமையல் மேடைக்கு வரும் செயற்கை குவார்ட்ஸ் ஸ்லாப்தான் மோசம். அதில் சிலிக்கா 90 சதவீதத்தைத் தாண்டலாம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதற்குத் தடையே போட்டுவிட்டது. நம் ஊரில் அதை வீட்டு வாசலில் உட்கார்ந்து உலர்வாக வெட்டுகிறோம்.

என்ன செய்யலாம்? முதல் வேலை தண்ணீர். வெட்டுவது, தேய்ப்பது, துளை போடுவது எல்லாம் ஈரத்தோடு. "சின்ன கட்டிங்தானே, தண்ணி எதுக்கு" என்பதில்தான் அதிகத் தூசி. தரையில் வழிந்த கல் மாவு காய்ந்தால் மறுபடி தூசிதான், அதனால் உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றில் சட்டையை ஊதிக்கொள்வார்கள். நாள் முழுவதும் தப்பித்த தூசியை ஒரே நிமிடத்தில் மூக்குக்குக் கொண்டுவரும் வேலை அது.

மாஸ்க் தண்ணீருக்கு அடுத்ததுதான். கர்ச்சீஃப் கட்டுவது மனதுக்கு மட்டும் ஆறுதல். என்95 வகை வேண்டும், மேல் கம்பியை மூக்கில் அழுத்திவிட்டு ஊதிப் பார்த்தால் ஓரத்தில் காற்று வரக் கூடாது. தாடி இருந்தால் ஓரம் பொருந்தாது. நனைந்த மாஸ்க்கை மாற்றுங்கள். சாப்பாடு, டீ எல்லாம் வேலை இடத்துக்கு வெளியே, கை முகம் கழுவிய பிறகு. வேலைத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். பீடி, சிகரெட் நுரையீரலுக்கு இரட்டைச் சுமை.

ஆண்டுக்கு ஒரு எக்ஸ்-ரே, ஒரு ஊதும் பரிசோதனை. முதலில் எடுத்துவைத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். சிலிக்கா தூசி சுவாசித்தவர்களுக்குக் காசநோயும் எளிதில் வரும், இரண்டின் அறிகுறிகளும் ஒன்றுபோல இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு இருமலோடு போனால், டாக்டர் கேட்காவிட்டாலும் "நான் கல் அறுக்கிற கம்பெனியில வேலை செய்யறேன்" என்று நீங்களே சொல்லுங்கள், சீட்டில் எழுதவும் சொல்லுங்கள்.

சத்தம் பற்றி ஒரு வரி: கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் காதுக்கு அடைப்பான் தேவை. அடைப்பான் போட்டால் கிரேன் மணியும் மங்கலாகத்தான் கேட்கும், கண்ணால் பார்த்துப் பழகுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

ஷாக் அடித்தவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். கல்லுக்கு அடியில் சிக்கியவரைப் பிடித்து இழுக்காதீர்கள், கல்லைத்தான் தூக்க வேண்டும். தூக்கும் முன் அது மறுபடி நழுவாமல் அடியில் கட்டை கொடுங்கள். 108க்கு ஒருவர் பேச, இன்னொருவர் கேட்டில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும். விரல் துண்டாகிவிட்டால் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் கெட்டுவிடும்.

அடுத்தது, ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வாக்கியம். "வண்டியில இருந்து விழுந்துட்டேன்னு சொல்லு, செலவ நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது காதில் ஓதலாம். சம்மதிக்காதீர்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வேலையில் என்பதை உள்ளபடி சொல்லிப் பதிய வையுங்கள். பிறகு எல்லாக் கணக்கும் அந்தச் சீட்டிலிருந்துதான். கம்பெனியின் விபத்துப் பதிவேட்டிலும் பெயர் ஏற வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயமென்றால் நிர்வாகம் அரசு அதிகாரிக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும்.

வேலையில் பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ.யில் எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை, முதல் நாளே பட்டாலும் உரிமை உண்டு. மூன்று நாளுக்குக் குறையாமல் ஓய்வு தேவைப்பட்டால் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் வேலைக் காயமாகக் கருதப்படலாம். நிரந்தர இழப்புக்குச் சட்டத்தில் அட்டவணையே இருக்கிறது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, சிறுவிரலுக்கு 7. எலும்பு போகாமல் ஆட்காட்டி விரல் நுனி மட்டும் துண்டானால் 5.

மாட்டேன் என்று சொல்வது

புது ஆளுக்கு இதுதான் கஷ்டம். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகப் பயப்படும் காரணம் இருந்தால், அதை நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் சொல்லத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் யார்டில் சட்டம் பேசினால் எடுபடாது. "அண்ணா, கட்டை வெச்சுட்டா நான் வந்துடறேங்கண்ணா" என்பது எடுபடும். வேலையை மறுப்பதாக இல்லாமல், என்ன செய்தால் செய்வேன் என்பதாகச் சொல்லுங்கள்.

பேச்சு பலிக்காவிட்டால் ஓசூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்துக்கு எழுதலாம். தேதி, இடம், எந்த மெஷின், என்ன குறை என்று நாலு வரி, முடிந்தால் ஒரு போட்டோ. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளன்று பேட்ஜ் குத்தி உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். அன்று மேடையில் இருப்பவர்களிடமே ஸ்டாண்டு, வயர் ரோப் பற்றிக் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு நாள் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

இந்தக் கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்கு மாறும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், எக்ஸ்-ரே படங்கள், பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வருடம் எந்தக் கம்பெனியில் என்ன வேலை என்று ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். சிலிக்கோசிஸ் வெளியே தெரியும் நேரத்தில் பழைய கம்பெனி மூடியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம். இழப்பீடு கேட்கும்போது அந்த நோட்டையும் படங்களையும்தான் காட்ட வேண்டியிருக்கும்.